மாசிச் சருகு

பெருமுக்கல்,
மாசி 26

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் அமெரிக்காவில் இருக்கும் பாப்பாவுக்கு இன்றைக்கே போன் போட்டு, சருகு ஊதும் அந்தப் புளோயரை வாங்க வேண்டாம் என்று சொல். வாங்கியிருந்தால் பெட்டியைப் பிரிக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடட்டும். சித்திரையில் வரும்போது கையோடு கொண்டுவந்துவிடலாம் என்று அப்பனும் மகளும் பேசி முடித்துவிட்டீர்கள். அந்த பேட்டரி விமானத்தில் ஏறாது, தம்பி. ஏன் என்று கீழே எழுதுகிறேன். போனை முதலில் போடு.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். முட்டிவலி காலையில் கொஞ்சம், வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. தோப்பில் மா பூத்து இறங்கி, பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடித்திருக்கிறது. கிணற்றடி மரம் இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. வேம்பு இரண்டும் இலையை உதிர்க்கத் தொடங்கி மூன்று வாரமாகிறது. வாசலைப் பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடியும் மஞ்சள் விரித்தாற்போல் கிடக்கும். உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடம் போகும் முன் ஆளுக்குப் பாதி வாசல் என்று அம்மா கோடு கிழித்துக் கொடுப்பாளே, உன் பாதியையும் நான்தானே பெருக்கினேன்.

புளோயரைப் பற்றி மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் நீ பாதியில், "சரிக்கா, பெரிசாவே வாங்கிடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டதோடு நில்லாமல் பதினைந்து நாள் கையில் பிடித்தும் பார்த்துவிட்டேன். பெரியப்பா பேரன் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு விடுதியில் தோட்டம் பார்க்கிறான் அல்லவா, அங்கே மராமத்து வேலை நடப்பதால் கருவிகளெல்லாம் சும்மா இருந்தன. முதலாளியிடம் கேட்டு, மாசி எட்டாம் தேதி ஒரு புளோயரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். "அத்தை, ஓட்டிப் பாத்துட்டு சித்தப்பாகிட்ட சொல்லுங்க" என்றான். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே, சும்மா ஓட்டிப் பார்ப்பேனா? பழைய வருகைப்பதிவேடு ஒன்றில் தினமும் குறித்து வைத்தேன்.

முதல் நாள் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அப்பா நெல் காயவைத்த சிமெண்ட் களம் முழுக்க வேப்பஞ்சருகு. ஈர்க்கு விளக்குமாற்றால் குனிந்து பெருக்கினால் எனக்கு நாற்பது நிமிஷம், நடுவில் இரண்டு தடவை திண்ணையில் உட்கார வேண்டும். அன்றைக்கு ஆறு நிமிஷத்தில் முடிந்தது. நிமிர்ந்து நின்றபடியே. களத்து மூலையில் சருகெல்லாம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் கைவைக்காமல் நின்றேன். அம்மா ஞாபகம் வந்தது. கடைசிப் பத்து வருஷம் அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

ஆக, கருவி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எந்தக் கருவி, எதற்கு என்பதுதான் பேச்சு.

நீ அனுப்பிய படத்தில் 650 சி.எஃப்.எம். என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது ஒரு நிமிஷத்தில் எத்தனை கன அடி காற்றைத் தள்ளுகிறது என்ற கணக்கு. பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், காற்றின் வேகம். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. களத்தில் நெல் தூற்றியதை நினைத்துக்கொள். பலத்த காற்று ஒரு வீச்சு வீசினால் பதர் பறக்கும், அது வேகம். நிதானமான காற்று களம் அகலத்துக்கு விடாமல் அடித்தால் குவியலே நகரும், அது அளவு. ஈரத்தில் தரையோடு ஒட்டிய இலையைப் பெயர்க்க வேகம் வேண்டும். பெயர்ந்ததைக் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போக அளவு வேண்டும். குழாயின் வாயைச் சிறிதாக்கினால் வேகம் ஏறும், அளவு குறையும். சில கம்பெனிகள் குறுகிய வாயைப் போட்டு வேகத்தை அளந்து, அகன்ற வாயைப் போட்டு அளவை அளந்து, இரண்டு பெரிய எண்ணையும் ஒரே பெட்டியில் அச்சடித்துவிடுகின்றன. அதனால் நியூட்டன் என்று தள்ளுவிசையைப் போட்டிருக்கிறார்களா என்று பார். ஒரு நியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிராம் எடையின் அழுத்தம். நம் களத்துக்கும் தோப்புக்கும் பத்திலிருந்து பதினைந்து நியூட்டன் தாராளம். அதையே முழு வேகத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் நாள் கண்ணால் பார்த்தேன்.

பையன் கொடுத்தது 36 வோல்ட், 18 வோல்ட் பேட்டரி இரண்டு மாட்டுவது. நிமிஷத்துக்குப் பதிமூன்று கன மீட்டர் காற்று, வாயருகே வேகம் நொடிக்கு 54 மீட்டர் என்று போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தேன், மணிக்கு 194 கிலோமீட்டர் வருகிறது. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் நம் மேற்கு மூலை பலாவைச் சாய்த்ததே, அந்தக் காற்றே மணிக்கு 140 வரைதான். ஒரு சாண் குழாய்க்குள் அதைவிட வேகம் இருக்கிறது. பத்தடி தள்ளிப் போனால் அது தென்றலாகிவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் வாயைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு விசையையும் அழுத்தினால், தரைக்கு அது புயல்தான்.

மூன்றாம் நாள் பலாமரத்தடியில் அப்படித்தான் அழுத்தினேன். சருகு போயிற்று. அதன் கீழே மக்கிக்கொண்டிருந்த கருப்பு இலைத்தூள் போயிற்று. அதற்கும் கீழே இருந்த செம்மண் எழும்பியது. நான் பின்வாங்கி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். தூசி அடங்கிய பிறகு பார்த்தால் மரத்தைச் சுற்றி ஒரு பாகத்துக்கு மண் வழித்துவிட்டாற்போல் இருந்தது. மயிர் மயிராக வெள்ளை வேர்கள் வெளியே தெரிந்தன. உணவு உறிஞ்சும் வேர்கள் அவைதான், மேல்மண்ணில்தான் ஓடும். அப்பா இருபது வருஷம் மாட்டுக்கொட்டிலிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து போட்ட எரு அங்கே மண்ணாகியிருந்தது. அதை நான் ஒரு நிமிஷத்தில் வேலிக்கு வெளியே ஊதிவிட்டேன். அன்று முழுக்க மனசே சரியில்லை. சாயந்திரம் மண் அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, சருகால் மூடிவிட்டு வந்தேன்.

என் கவலை அந்த மரத்தோடு நிற்கவில்லை. அந்தத் தூசி உன் நெஞ்சுக்கு ஆகாது, ராசா. எனக்கே இரண்டு நாள் வறட்டு இருமல். வேலை முடித்து ஓய்வாக ஊருக்கு வந்து, காலையில் தோப்பில் புளோயரோடு நிற்கப் போகிறேன் என்று ஆசையாய்ச் சொல்கிறாய். உன் சட்டைப்பையில் இன்றைக்கும் இன்ஹேலர் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாயா?

அப்பா சருகைக் கூட்டி எரிப்பார் இல்லையா, விடிந்தும் விடியாமலும், கிழக்கு வேலியோரம். பனியோடு புகை கீழே இறங்கி வீட்டுக்குள் வரும். நீ ஆறு வயசில் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு விசில் மாதிரி மூச்சு விட்டதை நான் மறக்கவேயில்லை. திண்டிவனத்தில் ஊசி போட்டும் கேட்காமல் ஜிப்மருக்கு எடுத்துப்போன அந்த ராத்திரி, உன் தலை என் மடியில்தான் இருந்தது. அப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து தீப்பெட்டியை அடுப்படியில் வைத்தவர்தான், அப்புறம் ஒரு இலையை எரிக்கவில்லை. உனக்கு இது தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடை செய்து 5,000 ரூபாய் அபராதம் என்று சொன்னபோது, செய்தித்தாளை அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

எதிர்வீட்டில் இன்னும் எரிக்கிறார்கள். சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தூசிக்கு வழி இருக்கிறது. முதல் நாள் சாயந்திரம் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். மறுநாள் எட்டரை மணி வாக்கில், பனி உலர்ந்து இலை மட்டும் காய்ந்து மண் இன்னும் ஈரம் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஊத வேண்டும். மாசிப் பனியில் ஆறு மணிக்கே ஆரம்பித்தால் மாவிலை தரையை விட்டு நகராது. பதினோரு மணிக்கு மேல் போனால் மண் பறக்கும். சாயந்திரம் கடல்காற்று ஏறிவிட்டால் நீ தள்ளியதை அது திருப்பித் தள்ளும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது கருவியைத் தொடவே வேண்டாம். குழாயைத் தரைக்குப் படுக்கையாகப் பிடித்து, பாதி வேகத்துக்குக் கீழே வைத்து, பக்கவாட்டில் வீச வேண்டும். மரத்தடியில் கால்வாசி வேகமே போதும். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை பெரிய எண் என்று பார்க்காதே, எத்தனை சன்னமாகக் குறைக்க முடிகிறது என்று பார். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் விசை கட்டாயம் வேண்டும். 'ஆன்', 'ஆஃப்' மட்டும் உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

ஒன்பதாம் நாள் நடந்ததைப் போனில் சொல்லவில்லை, பயப்படுவாய் என்று. வைக்கோல் போர் பக்கம் சருகு முழங்கால் அளவு சேர்ந்திருந்தது. ஐந்தடி தள்ளி நின்று மெல்ல ஊதிக்கொண்டே போனேன். மேல் இலை விலகியதும் உள்ளே சுருட்டை விரியன், உடம்பை உரசிக்கொண்டு சுருண்டு கிடந்தது. கருவியை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அது தானாக வேலிப் பக்கம் போய்விட்டது. விளக்குமாறும் கூடையுமாகக் குனிந்திருந்தால் என் கை அதன் மேல் இருந்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே கருவி வீட்டில் இருக்கட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நீயும் செருப்பில்லாமல் தோப்பில் நடக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடு.

இனி பேட்டரி. பாப்பா விஷயம் இதில்தான் வருகிறது.

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90. இரண்டு மாட்டினால் 180. முழு வேகத்தில் சுவர்க்கடிகாரம் பார்த்து ஓட்டினேன், பதிமூன்று நிமிஷத்தில் மூச்சு நின்றுவிட்டது. கால்வேகத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பெட்டியில் "ஒரு மணி நேரம் வரை" என்று போடுவதெல்லாம் மிகக் குறைந்த வேகத்தில் என்று புரிந்துகொள். நீ பார்த்து வைத்திருக்கும் 56 வோல்ட் கருவிக்கு 5 ஆம்பியர்-மணி பேட்டரி, 280 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரை தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, இரண்டே இரண்டு கொண்டுவரலாம், அதுவும் கைப்பையில். 160-க்கு மேல் எந்தப் பையிலும் கூடாது. லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம், அதனால்தான் இத்தனை கெடுபிடி. பாவம், பாப்பா அந்த விலை கொடுத்து வாங்கிவந்து விமான நிலையத்தில் போட்டுவிட்டு நிற்க வேண்டுமா? அப்படியே வந்து சேர்ந்தாலும் அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230-ல் சொருகினால் புகைந்துவிடும். நாளைக்கு ஒரு ஸ்விட்ச் போனாலும் அதற்கு இங்கே யாரிடம் போவாய்?

இன்னொன்று. 56 என்று போடுவது பேட்டரி முழுக்க ஏறிய நொடியில் காட்டும் உச்சம். உள்ளே 14 செல் வரிசையாக, ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், நின்று உழைப்பது 50.4-ல்தான். "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் "18 வோல்ட்" என்பதும் அதேபோல ஒரே ஐந்து செல். அது பொய்யில்லை, பேச்சு வழக்கு. ஆனால் இணையத்தில் மலிவாக 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்று விற்கிறார்களே, பக்கத்துத் தெருப் பையன் ஒன்று வாங்கியிருக்கிறான், கழற்றிக் காட்டச் சொன்னேன். அதே ஐந்து செல்தான். வி.எஃப். என்பது வோல்ட்டே கிடையாது, சும்மா ஒட்டிவைத்த எழுத்து. கணினியில் தூசி ஊத அது போதும், தோப்புக்கு ஆகாது. விளம்பரத்தில் பார்க்கும் விலை பல நேரம் வெறும் கருவிக்குத்தான், பேட்டரியும் சார்ஜரும் தனி. இரண்டும் சேர்ந்தால் கருவி விலையை எட்டிவிடும். மொத்தம் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

பையன் கொடுத்த பேட்டரிகளின் முனையில் பச்சை பூத்திருந்தது. விடுதி கடலை ஒட்டி, மரக்காணத்து உப்புக்காற்றில் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். நம் வீடு உள்ளே தள்ளி இருப்பதால் அத்தனை மோசமில்லை. ஆனால் வெயிலில் கிடக்கும் காரில் பேட்டரியை விட்டுவிடுவாய் நீ, உன் கண்ணாடியை விட்டதுபோல. வெப்பம்தான் இதற்கு எமன். முழு வேகத்தில் ஓட்டிவிட்டுக் கையோடு சார்ஜரில் போடாதே, அரை மணி ஆறட்டும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் சும்மா இருக்கப் போகிறதென்றால் பாதி சார்ஜில் எடுத்து வை. இப்படிப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும்.

பெட்ரோல் புளோயர் இன்னும் பலமாமே என்று உன் நண்பர் சொன்னாராம். வேண்டவே வேண்டாம். எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி ஓட்டும் டூ-ஸ்ட்ரோக், கணிசமான பங்கை எரிக்காமலேயே வெளியே தள்ளும். அந்த நெடியில் உன்னை நிறுத்த எனக்கு மனசில்லை. பாப்பா இருக்கும் கலிபோர்னியாவிலேயே கார்மெல் என்ற ஊரில் 1975-லேயே புளோயருக்குத் தடை போட்டுவிட்டார்கள். வாஷிங்டன் நகரத்தில் 2022 ஜனவரியிலிருந்து பெட்ரோல் புளோயர் கூடாது. கலிபோர்னியா முழுக்க 2024-லிருந்து புதிய பெட்ரோல் தோட்டக் கருவிகள் விற்பதையே நிறுத்தச் சட்டம் போட்டார்கள். அவர்கள் கழித்துக்கட்டுவதை நாம் ஏன் எடுத்துவந்து கூடத்தில் வைக்க வேண்டும்?

பேட்டரிக் கருவியும் சத்தமில்லாதது இல்லை. முழு வேகத்தில் மாவு மெஷின் பக்கத்தில் நிற்பது போல. முதல் நாள் நான் காதை மூடாமல் ஓட்டியதில், ராத்திரி வரை காதுக்குள் ஒரு வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. 85 டெசிபெல்லுக்கு மேல் எட்டு மணி நேரம் கேட்டால் காது பாழ் என்பார்கள். நாம் பத்து நிமிஷம்தான் ஓட்டுகிறோம், இருந்தாலும் அடைப்பான் போடு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்று சட்டமே இருக்கிறது. பின்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஒன்பது மணிக்கு முன்னாலும் மதியம் குழந்தை தூங்கும் நேரத்திலும் அந்தப் பக்கம் போவதில்லை என்று நானாகவே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். நீ வந்தாலும் அது உன்னையும் கட்டும்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று.

வாசல் பெருக்க வரும் நம் அக்காவைத் தெரியும் உனக்கு. இருபது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி இழுத்தவள். தையிலிருந்து புரட்டாசி வரை அங்கே, மழைக்காலத்தில் நம் வீட்டில். வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறித்துக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் இந்த வருஷம் உப்பளத்தை விட்டுவிட்டாள். கருவி வந்த முதல் நாள் அவள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு நிமிஷத்தில் களம் சுத்தமானதும், "அப்போ நான் நாளைக்கு வரட்டா, வேணாவா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் இடுப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் அடுப்பைப் பற்றி நினைக்கவில்லை.

அன்றைக்கே அவள் கையில் கொடுத்தேன். "காத்து மெஷினு" என்று பேர் வைத்துவிட்டாள். நான் நாலு நாள் தடுமாறிக் கற்றதை அவள் ஒரு காலைக்குள் பிடித்துக்கொண்டாள். முன்னும் பின்னும் அலையாமல், பாத்தியில் உப்பை வரப்புக்கு ஒதுக்குகிற அதே கணக்கில், ஒரு ஓரத்தில் ஆரம்பித்து விடாமல் ஒதுக்கிக்கொண்டே போகிறாள். காற்றைப் பார்த்துத் திசை மாற்றுகிறாள். உப்பளத்தில் காற்று பார்க்காமல் பிழைக்க முடியுமா? தார்ப்பாயை விரித்து அதன்மேல் ஊதி, நாலு முனையையும் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப்போவது அவள் யோசனைதான். கூடையில் அள்ளிச் சுமந்த வேலை பாதியாகிவிட்டது. நான்கு கிலோவை ஒரு கையில் பிடித்து எனக்கு மணிக்கட்டு வீங்கியது, அவளுக்கு ஒன்றுமில்லை. சம்பளத்தை நான் குறைக்கப் போவதில்லை. மிச்ச நேரத்தில் தோப்புக்கு மூடாக்குப் போடும் வேலை எத்தனையோ கிடக்கிறது. நீ வந்து, "மெஷின்தான் இருக்கே, நானே பாத்துக்கறேன்" என்று அவளை நிறுத்திவிடாதே. நிறுத்தினால் அக்கா உன்னோடு பேசமாட்டேன், இதை எழுதியே தருகிறேன்.

மூடாக்கு என்றேன். சருகைத் தோப்புக்கு வெளியே விடவே கூடாது, தம்பி. நகரத்தில் இதைப் புளோயரால் ஒதுக்கி, பையில் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் கடையில் காசு கொடுத்து எரு வாங்குகிறார்கள். நம்மாழ்வார் ஐயா போன இடமெல்லாம் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னது எதற்காக? மண் மூடியிருந்தால் சித்திரை வெயிலில் ஈரம் நிற்கும், மண்புழு வரும். நமக்குத் தெற்கே ஆரோவில்லைப் பார். 1968-ல் அங்கே பொட்டல் செம்மண், மழை விழுந்தால் சிவப்பாய் ஓடிக் கடலில் கலக்கும். வரப்புக் கட்டி, மரம் வைத்து, உதிர்ந்த இலையை அங்கேயே மக்கவிட்டுத்தானே காடாக்கினார்கள்? ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கு நம் தோப்பில் மூடாக்கு இருந்த பாகத்தில் மண் அசையவில்லை. பெருக்கி வெறுமையாக வைத்திருந்த வேலியோரத்தில்தான் ஓடைபோல அறுத்துக்கொண்டு போனது. இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது, வந்து பார்.

அதனால் கருவிக்கு நான் எல்லை வகுத்துவிட்டேன். களம், வாசல், கிணற்றுமேடை, மாட்டுக்கொட்டில் தரை, கார் நிற்கும் இடம். இவற்றில் தாராளமாக ஓட்டலாம். தோப்புக்குள் நடைபாதை மட்டும், கால்வேகத்தில். மரத்தடியில் சருகு கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், களத்திலிருந்து வருவதையும் அங்கேயே கொட்டலாம். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு முழம் விட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் கரையான் ஏறும். ஜல்லி போட்ட பாதையில் ஓட்டவே கூடாது, ஒரு கல் பறந்து வந்து என் கணுக்காலில் பட்டுக் கன்றிப்போனது. ஓட்டுக் கூரைமேல் சேர்ந்த சருகை ஏணியில் ஏறி ஊதலாம் என்ற நினைப்பு உனக்கு இருந்தால் அதை அங்கேயே இறக்கி வை. ஒரு கையில் கருவி, மறுகையில் ஏணி, உன் முட்டி இருக்கும் லட்சணத்தில்! ஆள் கூப்பிட்டு மழைக்கு முன் ஓடு மாற்றும்போதே தள்ளிக்கொள்ளலாம்.

வாங்குவதென்றால் இங்கே சர்வீஸ் உள்ள நல்ல கம்பெனியில், 18 வோல்ட் பேட்டரி இரண்டு மாட்டும் வகை, அல்லது ஒற்றை பேட்டரியிலேயே பத்து நியூட்டன் தருவது, பிரஷ் இல்லாத மோட்டார், விரலுக்கு இணங்கும் விசை. அதே பேட்டரி கவாத்து ரம்பத்துக்கும் துளைபோடும் மெஷினுக்கும் மாட்டுகிறதா என்று கேள். மாட்டினால் இன்னொரு பேட்டரி வாங்கும் செலவு மிச்சம். கடையில் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதே. ஐந்து நிமிஷம் கையை நீட்டிப் பிடித்திரு, கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அவசரம் எதுவும் இல்லை. வேம்பு பங்குனியோடு துளிர்த்துவிடும், நீ வரும்போது நிழல்தான் இருக்கும்.

கழுவேலி ஏரியில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று பால்காரர் சொன்னார். நீ வருவதற்குள் போய்விடும் போல. போன வாரம் வெள்ளிக்கிழமை மலையேறிக் கோயிலுக்குப் போய்வந்தேன், மெதுவாக, மூன்று இடத்தில் உட்கார்ந்து. மேலேயிருந்து பார்த்தால் நம் தோப்பு உள்ளங்கை அளவு தெரிகிறது. பக்கத்து நிலங்கள் வெளுத்துக் கிடக்க, நம்முடையது மட்டும் கருத்து நின்றது.

உன் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். ராத்திரி ஏ.சி.யில் படுத்துவிட்டுக் காலையில் இழுக்கிறது என்று சொல்லாதே. பாப்பாவிடம் பேசியதும் எனக்கு ஒரு வார்த்தை சொல். அவளுக்கு அத்தை மேல் வருத்தம் வந்துவிடப் போகிறது, "உன் ஆசைக்குக் குறுக்கே வருவது அத்தை இல்லை, பேட்டரிதான்" என்று பக்குவமாகச் சொல். வரும்போது அவள் எனக்கு ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நல்ல காதடைப்பான் இரண்டும், தூசி போகாத கண்ணாடி இரண்டும் கொண்டுவரட்டும். ஒரு கண்ணாடி கொஞ்சம் நிறம் போட்டதாக இருக்கட்டும். அது அவளுக்கு, உப்பளத்து அக்காவுக்கு. வெளிச்சம் பார்த்தால் இன்னும் கண் கலங்குகிறது.

அன்புடன்,
உன் அக்கா